சீயக்காய் போன வழியும் ஷாம்பூ வந்த வழியும்

என் தமக்கையின் பெண்ணுக்கு வருகிற தை மாதத்தில் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. பட்டும் பாத்திரமும் நகையும் வாங்குகிற வைபவங்கள் எல்லாம் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் ஒருவாறு முடிந்து, வீட்டார் சற்றே மூச்சு விடத் தொடங்கிய சமயத்தில், கல்யாணப் பெண் ஒரு வழவழப்பான அட்டையைக் கொண்டுவந்து ஊஞ்சல்மேல் வைத்தாள். பாண்டி பஜாரை அடுத்த ஒரு தெருவிலுள்ள அலங்கார நிலையத்தில் கொடுத்த அட்டை அது. "ப்ரைடல் பாக்கேஜ்" என்று தலைப்பு. அதன் கீழே பதினான்கு இனங்கள். அடியில் 18,000 ரூபாய் என்று ஒரு தொகை.

எங்கள் ஜாகை மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில். வீட்டில் அத்தைப் பாட்டி இருக்கிறாள். வயது எண்பத்தாறு. கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை.

"அதிலே என்ன போட்டிருக்கிறது, வாசி பார்க்கலாம்" என்றாள்.

"ஃபேஷியல்" என்று ஆரம்பித்தேன்.

"அப்படியென்றால் என்னடா?"

"முகத்தில் ஏதோ பூசித் தேய்ப்பது, பாட்டி."

"சரி, மேலே போ."

"பாடி ஸ்க்ரப். உடம்புக்கு மாவு தேய்த்து அழுக்கு எடுப்பது. ஹாட் ஆயில் மஸாஜ்."

"எண்ணெய் காய்ச்சித் தலையில் வைக்கிறதா?"

"அதேதான். ஹேர் ஸ்பா. மானிக்யூர். பெடிக்யூர். மெஹந்தி."

பாட்டி சிறிது நேரம் யோசனை செய்தாள். "நலங்குமாவு, நல்லெண்ணெய், சீயக்காய், மருதாணி. நான்கே நான்கு சாமான். என் கல்யாணத்தின்போது இதையெல்லாம் ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு படி அரிசியும் ஒரு பழம் புடைவையும் கொடுத்தோம். அதுவும் திண்ணையோடு!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி விலைவாசியைப் பற்றிச் சொன்னாள் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அந்தத் "திண்ணையோடு" என்ற வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அரிசிக்கும் பழம் புடைவைக்கும் திண்ணைக்கும் உரியதாக இருந்த அதே கைவேலை, இங்கிலீஷில் பெயர் சூட்டிக்கொண்டதும் குளிர் சாதன அறைக்கும் 18,000 ரூபாய்க்கும் உரியதாகிவிட்டது. வேலையில் மாறுதல் அதிகமில்லை, வார்த்தையில்தான் மாறுதல். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அன்று இரவு அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது ஷாம்பூ. இது சீமையில் பிறந்த சரக்கென்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் இது ஹிந்தி வார்த்தை. "சாம்ப்னா" என்றால் அழுத்துதல், பிடித்துவிடுதல். "சாம்போ" என்பது அதன் ஏவல். பிடித்துவிடப்பா என்று நம் நாட்டில் யாரோ யாருக்கோ இட்ட கட்டளையைக் காதில் வாங்கிய வெள்ளைக்காரர்கள், 1762-ம் வருஷத்திலேயே அதை இங்கிலீஷ் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். அப்போது அதற்குத் தலை குளிப்பது என்ற அர்த்தமே கிடையாது. உடம்பு பிடித்துவிடுவதற்குத்தான் இங்கிலீஷில் ஷாம்பூ என்று பெயர்.

அந்த வார்த்தையைச் சீமையில் பிரபலப்படுத்தியவர் ஷேக் தீன் முகம்மது என்ற பாட்னாவாசி. 1759-ல் பிறந்தவர், கம்பெனியாரின் வங்காளப் பட்டாளத்தில் ஊழியம் பார்த்தவர், 1784-ல் அயர்லாந்து போய்ச் சேர்ந்தவர். 1794-ல் தம் யாத்திரைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல்தான், இந்தியர் ஒருவர் இங்கிலீஷில் எழுதி அச்சிட்ட முதல் புத்தகம். 1810-ல் லண்டனில் "ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்" என்று ஒரு சாப்பாட்டு விடுதி வைத்தார். கறியும் ஹூக்காவும் கொடுத்தார். ஆனால் விடுதி நொடித்துப் போய்விட்டது. மனுஷர் அசரவில்லை. 1814-ல் பிரைட்டன் என்ற கடற்கரைப் பட்டணத்துக்குக் குடும்பத்தோடு போய், மூலிகை ஆவிக் குளியலும் உடம்பு பிடித்தலுமாக ஒரு ஸ்நானசாலை ஆரம்பித்தார். வாத நோய்க்காரர்களும் முடக்குவாதக்காரர்களும் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும், அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த நான்காம் வில்லியத்துக்கும் அவர் "ஷாம்பூயிங் ஸர்ஜன்" ஆனார். ஸர்ஜன் என்றால் ரண வைத்தியர்! உடம்பு பிடித்துவிட்டதற்கு ராஜாங்கம் கொடுத்த பட்டம் அது. 1851-ல் அவர் காலமான பிறகுதான், 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், அந்த வார்த்தை மெல்ல மெல்ல உடம்பை விட்டு ஏறித் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. காலியான இடத்துக்கு மஸாஜ் என்ற பிரெஞ்சு வார்த்தை குடி வந்தது. அதன் மூலம் தொடுதலைக் குறிக்கும் அரபு வார்த்தை என்பார்கள் சிலர். மாவு பிசைதலைக் குறிக்கும் போர்த்துகீஸ் வார்த்தை என்பார்கள் சிலர். பண்டிதர்கள் இன்னும் பிசைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படிக் கப்பலேறிப் போன ஷாம்பூ, புட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்து வெகுகாலம் பணக்காரர் வீட்டு ஸ்நான அறையிலேயே தங்கியிருந்தது. அதைக் கிராமத்து மளிகைக் கடைக் கயிற்றில் தொங்கவிட்டது நம் தமிழ்நாட்டவர்தான். கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் சின்னஞ்சிறு உறையில் ஷாம்பூ அடைத்து விற்கும் யுக்தியைக் கொண்டுவந்தார். அவர் குமாரர் ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூ சீயக்காயின் சிம்மாசனத்தையே ஆட்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அதே கம்பெனி சீயக்காய்ப் பொடியையும் உறையில் அடைத்து விற்றது.

கடலூர் என்றதும் வெட்டிவேர் ஞாபகம் வருகிறது. அந்த ஜில்லாவின் கடலோர மணலில் இன்றும் அதைப் பயிரிடுகிறார்கள். பாரிஸ் நகரத்து வாசனைத் திரவிய வியாபாரிகள் "வெட்டிவேர்" என்றுதான் அதைச் சொல்கிறார்கள். வெட்டி எடுக்கும் வேர் என்ற அசல் தமிழை அப்படியே பிரெஞ்சு நாக்கில் புரட்டி, அங்கிருந்து இங்கிலீஷுக்கும் தந்துவிட்டார்கள். அடையாற்றில் ஒரு "வெல்னஸ்" நிலையத்தின் வாசலில் "வெட்டிவர் பாத்" என்று எழுதியிருக்கக் கண்டேன். வேரின் காலை ஒடித்து "வர்" ஆக்கியிருந்தார்கள். பச்சௌலி என்று ஒரு வாசனை எண்ணெய் இருக்கிறது. முன்பு காஷ்மீர்ச் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அதன் இலையை இடையிலே வைத்துச் சீமைக்கு அனுப்புவார்கள். அந்தப் பெயரும் நம் பச்சிலைதான் என்று இங்கிலீஷ் அகராதிகள் சொல்கின்றன. பூவந்திக்கொட்டையின் தாவரசாஸ்திரப் பெயரோ ஸாபிண்டஸ். "இந்திய சோப்பு" என்று லத்தீனில் அர்த்தம்.

ஆகவே எல்லாம் நம்மிடமிருந்து போனவைதான் என்று மார்தட்டிக்கொள்ள நேயர்கள் புறப்பட்டுவிட வேண்டாம். மானிக்யூர் என்பது கை, பராமரிப்பு என்ற இரண்டு லத்தீன் வார்த்தைகளின் கூட்டு; பெடிக்யூர் அதன் காலடித் தம்பி. காஸ்மெடிக் என்பது கிரேக்கம். ஒழுங்குக்கும் அலங்காரத்துக்கும் அண்ட கோளத்துக்கும் சேர்த்தே கிரேக்கர்கள் காஸ்மாஸ் என்ற ஒரே வார்த்தையை வைத்திருந்தார்கள். கண்ணுக்கு மையிடுவதும் நட்சத்திரங்களை வரிசைப்படுத்துவதும் அவர்களுக்கு ஒரே ஜாதிக் காரியம் போலும்! ஸ்பா என்பது பெல்ஜியம் தேசத்தில் லியேஜ் மாகாணத்திலுள்ள ஒரு சிற்றூர். இரும்புச் சத்துள்ள ஊற்றுக்கள் அங்கே உண்டு. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1717-ல் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போயிருந்தார். அந்த ஊரின் பெயரே எல்லா ஊற்று ஸ்தலங்களுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அலங்கார நிலையங்களின் சுவரில் "தண்ணீரால் ஆரோக்கியம்" என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துக்கள்தாம் ஸ்பா என்று எழுதி மாட்டியிருப்பார்கள்; அது பிற்காலத்தார் கட்டிய கதை. ஐரோப்பாவின் பெருமை வாய்ந்த பதினொரு ஸ்பா நகரங்களை 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் குற்றாலத்துக்கும் "தென்னாட்டு ஸ்பா" என்று பட்டம் உண்டு. அருவியில் ஒரு தடவை தலை கொடுத்தவர்கள், பெல்ஜியத்து ஸ்பாவை "வடநாட்டுக் குற்றாலம்" என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்பார்கள்.

நம்மிடம் வார்த்தைப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி தலை முழுகும் கட்டத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். பத்துவகைத் துவர்ப் பொருள்கள், ஐந்துவகை நறுமணப் பொருள்கள், முப்பத்திரண்டு வகை மூலிகைகள், இவை ஊறிய நீரில் கூந்தலை அலசுகிறாள்; வாசனைப் புகையில் உலர்த்துகிறாள்; வகிர்ந்து வகிர்ந்து கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள்; காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு தீட்டுகிறாள். தியாகராய நகரின் எந்த அட்டையிலும் இத்தனை விவரம் கிடையாது. இந்தக் காவியத்தை 1892-ல் அச்சேற்றித் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் சேர்த்த சுவடிகளை, அவர் பெயரால் 1943-ல் அடையாற்றில் நிறுவப்பட்டு இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் நூல் நிலையத்தில் காணலாம். மூலிகைகளையோ கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையிலேயே காணலாம். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ என்று பெயர் சொல்லிக் கேட்டால் பெயர் சொன்ன மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார்கள்.

வார்த்தை இருந்தது, சாமானும் இருந்தது, இல்லாதது வேறொன்று.

நம் ஊரில் முடி திருத்தும் குலத்தாருக்கு மருத்துவர் என்று பெயர். அந்தப் பெயர் வெறும் உபசாரமல்ல. கத்தி பிடித்த கையே கட்டிக்குக் கீறி மருந்தும் வைத்தது; அந்த வீட்டு அம்மாள் ஊர் முழுவதற்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1540 முதல் நாவிதர்களும் ரண வைத்தியர்களும் ஒரே சங்கமாக இருந்தார்கள், 1745-ல் பிரிந்தார்கள். பிரிந்துபோன ரண வைத்தியர் கனவானானார். நாவிதரும் கடை வைத்துப் பிழைத்தார். இங்கோ, பிள்ளையைப் பூமியில் வாங்கிய கையைத் திண்ணைக்கு அப்பால் நாம் வரவிடவில்லை. நம் பாஷையில் அந்தத் தொழிலுக்கிருந்த வார்த்தைகளில் சிலவற்றை வசவாகவே உபயோகித்தோம். அந்த நிலையில் "ஸலூன்" என்ற பிரெஞ்சு வார்த்தை வந்தது. கூடம் என்பதுதான் அதன் பொருள். தொழிலாளி வீடு வீடாகப் போய் நிற்பது போய், ஊரார் அவர் கூடத்துக்கு வந்து, பத்திரிகை படித்துக்கொண்டு, தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு "பியூட்டி பார்லர்" வந்தது. "பியூட்டீஷியன்" என்று சொல்லிக்கொள்ளும் பெண்ணை இன்று எந்த ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வார்த்தையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இந்த இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரே வீச்சில் துரத்திவிடவேண்டும் என்று பேசுகிற நண்பர்களுடன் நான் முழுவதும் சேராததற்கு இதுவே காரணம். நாம் கொடுக்க மறுத்த மரியாதையை அந்நிய வார்த்தை கொடுத்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவர்களைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை?

ஆனால் அட்டையில் ஒன்பதாவதாக இருந்த இனத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாக இருக்க என்னால் முடியவில்லை. "கெரட்டின் ஸ்மூத்தனிங்" என்று போட்டிருந்தது. சுருட்டை முடியை வழவழவென்று நேராக்கும் சிகிச்சை. டெலிபோன் செய்து, மருந்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். "புரோட்டீன்தான் சார், இயற்கையானது" என்று பதில் வந்தது. விடாமல் புட்டியின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பொடி எழுத்தில், "மெத்திலின் கிளைகால்" என்றிருந்தது. பார்மால்டிஹைட் தண்ணீரில் கரைந்தால் அதற்கு அந்தப் பெயர்தான். ஆஸ்பத்திரிகளில் வெட்டியெடுத்த தசையைக் கெடாமல் பாதுகாக்க ஊற்றி வைக்கிறார்களே, பார்மலின், அதுவும் இதே சரக்குதான். தலையில் தடவிச் சூட்டுக்கோலால் இழுக்கும்போது அது ஆவியாகிக் கண்ணிலும் மூக்கிலும் ஏறுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் இதைத் தீர்மானித்தது. லேபிளில் பார்மலின், மெத்தனால் அல்ல, "மெத்தனல்", மெத்திலின் கிளைகால் என்று எந்த வேஷத்தில் வந்தாலும் ஆசாமி ஒருவரே. கல்யாணப் பெண் இந்தப் புகையை ஒரு நாள் சுவாசிப்பாள். சூட்டுக்கோல் பிடித்திருக்கும் பெண் தினந்தோறும் சுவாசிப்பாள்.

தலைச்சாயத்தின் விஷயமும் இப்படித்தான். பாராபினைலின்டயமின் என்ற இரசாயனம் சிலருடைய தோலுக்கு அடியோடு ஆகாது. முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். "கறுப்பு மருதாணி" என்று சில மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் பண்டத்தில் கறுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் இதுவே. மருதாணியிலை கறுக்காது, சிவக்கத்தான் செய்யும். இது நம் பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா? 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் கீழ் அழகுப் பொருள்களையும் 1962-ல் கொண்டுவந்தார்கள். இத்தகைய சாயத்தைக் காதுக்குப் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே உபயோகிக்கவேண்டும் என்ற குறிப்பு, இங்கிலீஷோடு அந்தந்தப் பிரதேசத்துப் பாஷையிலும் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்று விதியிருக்கிறது. சட்டம் தமிழை மறக்கவில்லை. ஆனால் அலங்கார நிலையத்தில் சாய்வு நாற்காலியில் கண் மூடிக் கிடக்கிறவர்கள் பெட்டியை எங்கே பார்க்கிறார்கள்? கிண்ணத்தையும் தூரிகையையும் அல்லவா பார்க்கிறார்கள்! "பாட்ச் டெஸ்ட் செய்தாயிற்றா?" என்று கேட்க அந்த இரண்டு வார்த்தை தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால், "நேற்றே கொஞ்சம் தடவிப் பார்த்தீர்களா?" என்று தமிழிலேயே கேட்கலாம். புரியாத வார்த்தைக்குத் தலையாட்டுவதுதான் நாகரிகம் என்று எண்ணி, தலையையே கொடுத்துவிடுகிறவர்கள் நம் குடும்பங்களில் அனேகர்.

ஒன்பதாவது இனத்தை அடித்துவிட்டோம். தொகையில் கழித்துக்கொள்ள நிலையத்தார் சம்மதித்தார்கள். மற்றவற்றுக்கு முன்னோட்டமாக, சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணை மயிலாப்பூருக்கே அனுப்பிவைத்தார்கள். மிஸோரம் மாகாணத்துப் பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். மணப்பெண்ணுடைய கை கால் நகங்களைச் சீர்திருத்தி முடித்த பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் வெடித்த குதிகாலைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே வெந்நீர்த் தொட்டியை அவளிடம் நகர்த்தினாள்.

"வேண்டாம் அம்மா, என் காலை நீ தொடவேண்டாம்" என்று பாட்டி காலை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. மிஸோ பாஷைக்கு ரோமன் எழுத்துத்தான். அதே எழுத்தில் தமிழ் வார்த்தைகளை எழுதி வைத்திருந்தாள். எக்ஸ்ஃபோலியேஷன், க்யூட்டிகிள் முதலியவை அதில் இல்லை. "சூடா இருக்கா", "வலிக்குதா", "கண்ணை மூடுங்க", "போதுமா" என்று இருபது முப்பது வார்த்தைகள்.

"சூடா இருக்கா, பாட்டி?" என்று கேட்டாள்.

"இல்லை" என்று சொல்லிப் பாட்டி காலைத் தண்ணீரில் வைத்தாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. பணத்தை நிலையத்தின் கணக்கில் டெலிபோன் மூலம் செலுத்தியாகிவிட்டது என்று என் மருமகள் சொன்னாள். பாட்டி கேட்கவில்லை. தாம்பாளம் கொண்டுவரச் சொன்னாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துண்டு, தன் முந்தானையிலிருந்து அவிழ்த்த ஒரு 500 ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் வைத்து, கூடத்தின் நடுவே அவளை உட்காரச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

"தாம்பூலம்" என்றாள் பாட்டி.

அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.